மேனியா நிச்சயம் என்பது பாதி உண்மைதான்

"பைபோலார் இருப்பவர் ஏ.டி.எச்.டி.க்கு மெத்தில்ஃபெனிடேட் எடுத்தால் மேனியா நிச்சயம்" என்று எழுதியிருக்கிறீர்கள். (பைபோலார் என்பது மனநிலை அளவுக்கு மீறி உயர்ந்தும் தாழ்ந்தும் மாறும் நோய்; அதில் வரும் அதீத உற்சாக நிலைதான் மேனியா. ஏ.டி.எச்.டி. என்பது கவனக்குறைவு, பரபரப்புக் கோளாறு; அதற்குத் தரும் மருந்து மெத்தில்ஃபெனிடேட்.) அது முழுசாகச் சரியில்லை. 2017-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு, பைபோலார் உள்ள 2,307 பெரியவர்களைப் பார்த்தது. லித்தியம், வால்ப்ரோயேட் போல மனநிலையைச் சீராக்கும் மருந்து எதுவும் இல்லாமல் மெத்தில்ஃபெனிடேட்டைத் தொடங்கியவர்களுக்கு, முதல் 3 மாதங்களில் மேனியா ஆபத்து, அதை எடுக்காத காலத்தோடு ஒப்பிட்டால் சுமார் 6.7 மடங்கு. மனநிலையைச் சீராக்கும் மருந்தோடு சேர்த்து எடுத்தவர்களுக்கு ஆபத்து கூடவில்லை. அதனால்தான் மருத்துவர்கள் முதலில் மனநிலையை நிலைப்படுத்துகிறார்கள். அப்புறம்தான் குறைந்த அளவில் மெத்தில்ஃபெனிடேட்டைத் தொடங்குகிறார்கள். மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பு தெரியவில்லை, விடிவதற்குள் அலமாரி முழுக்கக் கலைத்து அடுக்கியாகிவிட்டது என்றால், அது மேனியாவின் அறிகுறியாக இருக்கலாம்; அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். உங்கள் வரியைப் படித்துப் பயந்து யாரும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.