ரைசோபியம் மட்டும் போதாது, மணலில் இன்னும் இரண்டு வேண்டும்

உளுந்து விதையில், காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) வேர் முடிச்சில் சேர்க்கும் ரைசோபியம் என்ற பாக்டீரியாவைக் கலந்தால் போதும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். ராமநாதபுரம் மாவட்டத்தின் திருப்புல்லாணி, சாயல்குடி பக்கத்துக் கடலோர மணலுக்கு அது போதாது. தழைச்சத்தை ரைசோபியம் பார்த்துக்கொள்ளும். ஆனால் வேர் முடிச்சு வேலை செய்ய மணிச்சத்து (பாஸ்பரஸ்) வேண்டும். கிளிஞ்சல் கலந்த மணலில் அதைச் சுண்ணாம்பு கட்டிப்போட்டுவிடும். அதனால் அதைக் கரைத்துக் கொடுக்கும் பாஸ்போபாக்டீரியாவும் கட்டாயம்.

ஏக்கருக்கான 8 கிலோ விதைக்கு ஒவ்வொன்றிலும் 200 கிராம் எடுத்து, ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்துப் புரட்டி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி, அன்றே விதையுங்கள். கஞ்சிக்கு உப்புக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், ஊருணித் தண்ணீர் நல்லது. பூஞ்சாணக்கொல்லி கலப்பதாக இருந்தால் அதை முதல் நாளே முடித்துவிட வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் கலந்தால் பாக்டீரியா செத்துப்போகும்.

மூன்றாவது வேர் உட்பூசணம் (வேம்), அதாவது வேருக்குள் வாழ்ந்து பயிருக்கு உதவும் பூஞ்சை. இதை விதையில் பூசிப் பயனில்லை, தொழுவுரத்தோடு சாலில் விதைக்குக் கீழே விழ வேண்டும். உவர் நிலத்தில் பயிர் தாக்குப்பிடிக்க இது பெரிய துணை. சூப்பர் பாஸ்பேட்டை அள்ளிப் போட்டால் இது வேரில் பிடிக்காது.

மழைக்கு முன் காய்ந்த மணலில் விதைப்பதுதான் இங்கே பெரிய இழப்பு. சூட்டில் நுண்ணுயிர் மடிந்துவிடும்; ஈரம் பார்த்து விதையுங்கள். 30ஆம் நாள் செடியைப் பிடுங்காமல் மண்வெட்டியால் தோண்டி, முடிச்சை நறுக்கிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் இல்லை. யூரியா கூடுதலாகப் போட்ட வயலில் முடிச்சே குறைவாகத்தான் இருக்கும்.