மனசு சோர்ந்து கெடக்கறப்ப தொடர்கதை படிங்க, வெக்கப்படாம படிங்க

மனசு சரியில்ல, படிக்க ஏதாவது நாவல் சொல்லுங்கன்னு யாராவது கேட்டா போதும், நம்ம இலக்கிய ஆளுங்க உடனே ஒரு லிஸ்ட் நீட்டுவாங்க. அந்த லிஸ்ட்ட பாத்தாலே எனக்கு கோவம் வரும். எழுநூறு பக்கம், எண்ணூறு பக்கம், பஞ்சம், சாவு, துரோகம், கடைசி வரைக்கும் விடிவே இல்லாத ஒரு நாயகன். எல்லாம் நல்ல புத்தகங்கதான், இல்லன்னு சொல்லல, நானும் அதுல பாதிய படிச்சிருக்கேன், படிச்சிட்டு பத்து பேர்கிட்ட சொல்லியும் இருக்கேன். ஆனா கேக்கறவங்க சிறந்த நாவல் எதுன்னா கேட்டாங்க? ஒரு பக்கத்துலேர்ந்து அடுத்த பக்கத்துக்கு போக முடியலங்க, கைய புடிச்சு கூட்டிட்டு போற மாதிரி ஏதாவது இருக்கான்னுதானே கேட்டாங்க. அதுக்கு பதில் சொல்லாம நம்ம ரசனைய காட்டிக்கறதுக்கா அவங்க வந்து கேட்டாங்க.

மனச்சோர்வுன்னாலே அழுதுகிட்டே இருக்கறதுன்னு நெறைய பேர் நெனைக்கறாங்க. அழுகையே வராம, சும்மா சுவத்த பாத்துகிட்டு உக்காந்திருக்கறதும் அதுதான். கவனம் நிக்காம போறது அதோட முக்கியமான அறிகுறிகள்ல ஒண்ணு. டாக்டருங்க வச்சிருக்கற கேள்வித்தாள்லயே பேப்பர் படிக்கறது, டிவி பாக்கறது மாதிரி விஷயத்துல மனச செலுத்த முடியலையான்னு ஒரு கேள்வி இருக்கும். எங்க அப்பா போனதுக்கு அப்புறம் எனக்கு இப்படித்தான் இருந்துச்சு. ஒரே பத்திய திரும்பத் திரும்ப படிப்பேன், கண்ணு வரி மேல ஓடும், உள்ள ஒண்ணும் எறங்காது, ரெண்டு பக்கம் தாண்டினா இந்த சுப்ரமணியம் யாரு, மாமாவா மச்சானான்னு மறந்து போயிருக்கும், திரும்ப முன்னாடி போய் தேடணும், தேடறதுக்குள்ள அலுத்துப் போய் புத்தகத்த மூடி வச்சிடுவேன். வாழ்க்கை முழுக்க படிச்சிட்டே இருந்த ஒருத்திக்கு படிப்பும் போச்சுன்னா மிச்சம் என்னங்க இருக்கு? நேரா படுக்கைதான்.

அப்ப எனக்கு கை குடுத்தது எங்க வீட்டு பரண்ல இருந்த பைண்டு புத்தகங்க. அந்தக் காலத்துல வீட்டுக்கு வீடு இருந்த பழக்கம் இது, வாரப் பத்திரிகைல வர்ற தொடர்கதைய வாராவாரம் கிழிச்சு சேத்து வச்சு, முடிஞ்சதும் தச்சு அட்டை போட்டு வாங்கிடுவாங்க. எங்க அம்மா அப்படி நெறைய சேத்து வச்சிருந்தாங்க. கதைக்கு நடுவுல ஜோக்கு, தேங்காண்ணெய் விளம்பரம், பின்பக்கத்துல வேற ஒரு கதையோட வால், எல்லாம் அப்படியே இருக்கும். அதுல ஒண்ண எடுத்து சும்மா பொரட்டினவ, ராத்திரி சாப்பாட்டுக்கு அம்மா கூப்பிட்டப்பதான் நிமிந்தேன். அவ்ளோ நேரமும் நான் வேற எதையுமே நெனைக்கலங்கறதே எனக்கு அப்பதான் தெரிஞ்சுது.

ஏன் இது மட்டும் உள்ள எறங்கிச்சுன்னு பின்னாடி ரொம்ப யோசிச்சேன். தொடர்கதை எழுதினவங்க யாருக்காக எழுதினாங்கன்னு பாருங்க. ஆபீஸ் முடிஞ்சு பஸ்ல நசுங்கிட்டு வர்றவருக்கு, அடுப்ப அணைச்சிட்டு உக்கார்ற அம்மாவுக்கு, போன வாரம் பத்திரிகைய பக்கத்து வீட்டுக்காரங்க வாங்கிட்டுப் போய் திருப்பித் தராததால ஒரு அத்தியாயத்தையே விட்டவங்களுக்கு. இவங்க எல்லாருமே களைச்சுப் போனவங்க, பாதி மறந்தவங்க. அதனால எழுதறவரு ஒரு அத்தியாயத்துக்கு ஒரு காட்சி, மிஞ்சிப் போனா ரெண்டு காட்சின்னு வைப்பாரு. பேரு மறந்து போயிருக்கும்னு அவரே யாருன்னு லேசா ஞாபகப்படுத்துவாரு. பத்தி பத்தியா வர்ணிக்காம பேச்சுலயே கதைய நகத்துவாரு, கடைசி வரில ஒரு முடிச்சு போட்டு அடுத்த வாரம் வரைக்கும் நம்மள தொங்க விடுவாரு. கூடவே ஜெயராஜோ கோபுலுவோ வரைஞ்ச ஒரு படம் இருக்கும், கண்ணு அதுல கொஞ்சம் எளப்பாறிக்கும். சோர்ந்து போன மனசுக்கு என்னவெல்லாம் வேணுமோ அத்தனையும் அந்த வடிவத்துக்குள்ளயே இருக்கு. இதத்தான் நாம வெகுஜன எழுத்து, வணிக எழுத்துன்னு சொல்லி ஓரமா தள்ளி வச்சிருக்கோம். களைச்சுப் போன ஒரு ஆள நாப்பது வாரம் கூடவே கூட்டிட்டு போறது எவ்ளோ பெரிய வித்தை தெரியுமா? எழுதிப் பாத்தவங்கள கேளுங்க.

அதனால யாராவது கேட்டா நான் முதல்ல சொல்றது சுஜாதா. கரையெல்லாம் செண்பகப்பூ. நாட்டுப்புறப் பாட்டு சேகரிக்க ஒரு இளைஞன் கிராமத்துக்கு வந்து பழைய ஜமீன் மாளிகைல தங்கறான், அவ்ளோதான் நீங்க தெரிஞ்சுக்க வேண்டியது, மீதிய அது பாத்துக்கும். அவரோட வக்கீல் ஜோடி கணேஷ் வசந்த் வர்ற கதை எத எடுத்தாலும் சரி, அந்த ரெண்டு பேரும் பேசிக்கறதுக்காகவே படிக்கலாம், வீட்டுல ரெண்டு பேர் வந்து உக்காந்து பேசிட்டிருக்கற மாதிரியே இருக்கும். ஆனா கொலையுதிர் காலம் மட்டும் தூக்கம் வராம தவிக்கறவங்க ராத்திரில எடுக்க வேணாம், சத்தியமா சொல்றேன், பகல்ல படிங்க. என் இனிய இயந்திரால வர்ற ஜீனோங்கற இயந்திர நாய்க்குட்டி பேசற பேச்சுக்கு சிரிக்காம இருக்கவே முடியாது, சிரிச்சு ரொம்ப நாளானவங்க அத எடுங்க.

கிரைம் கதை எழுதற ராஜேஷ்குமார இன்னுமா படிக்கறேன்னு கேக்கறவங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ஆயிரத்து ஐநூறுக்கு மேல நாவல் எழுதின மனுஷன் அவரு. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத ரெண்டு கதைய அத்தியாயம் மாத்தி அத்தியாயம் ஓட்டுவாரு, கடைசில ரெண்டும் ஒரு எடத்துல வந்து முட்டும். இது எங்க போய் சேரும்னு மனசு கணக்கு போட ஆரம்பிச்சிடும் பாருங்க, அப்ப அது தன் கவலைய சுத்தி சுத்தி வர்றத கொஞ்சம் விட்டுடும். இன்னொண்ணு, அந்தக் கால பாக்கெட் நாவல் சைஸ். ஒரே உக்காருல முடிஞ்சிடும். மாசக்கணக்குல எதையுமே முடிக்காம கெடந்தவங்களுக்கு ஒரு புத்தகத்த கடைசி பக்கம் வரைக்கும் முடிச்சு கீழ வைக்கறதுல கெடைக்கற நிம்மதிய சாதாரணமா நெனைக்காதீங்க. ஆனா கிரைம்னா கொலை இருக்கும், நெறைய கதைல பொண்ணுங்கதான் சாவாங்க. அது தாங்காதுன்னு தோணிச்சுன்னா இந்தப் பக்கம் வர வேணாம்.

கொலைக் கதை தாங்காதவங்களுக்கு நகைச்சுவையா எழுதின தேவன். துப்பறியும் சாம்பு 1940கள்ல விகடன்ல வந்தது. எல்லாரும் மண்டுன்னு நெனைக்கற ஒரு பேங்க் குமாஸ்தா, தப்புத் தப்பா ஏதோ செய்வாரு, கடைசில திருடன் தானா வந்து மாட்டுவான், ஊரே இவர மேதைன்னு கொண்டாடும். ஒவ்வொண்ணும் தனிக் கதைங்கறதால நேத்து படிச்சது மறந்து போனாலும் ஒரு நஷ்டமும் இல்ல, எங்கேர்ந்து வேணா ஆரம்பிக்கலாம். அதே தேவனோட ஸ்ரீமான் சுதர்சனத்த பணக் கஷ்டத்துல இருக்கறவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன், சம்பளம் பத்தாம ஆபீஸ் பணத்துல கை வைக்கற குமாஸ்தாவோட கதை அது, ரொம்ப நல்லா எழுதியிருக்காரு, அதனாலயே வயித்த கலக்கும்.

எங்க அம்மாவுக்கு காதல் கதை எழுதற ரமணிசந்திரன். அப்பா போன வருஷம் முழுக்க அவங்க வேற எதையும் தொடவே இல்ல. எனக்கு அந்தக் கதைங்கள்ல ஆம்பளைங்க பேசற சில பேச்சு ஒத்துக்காது, அத அம்மாகிட்டயும் சொல்லியிருக்கேன். அவங்க ஒரே ஒரு பதில் சொன்னாங்க, "கடைசில நல்லபடியா முடியும்னு தெரியும்டி, அது போதும் எனக்கு". அதுக்கு மேல நான் வாய தெறக்கல. முடிவு முன்னாடியே தெரிஞ்ச கதை ஒருத்தர எப்படி தாங்கிப் புடிக்கும்னு அந்த ஒரு வருஷத்துல கண்ணால பாத்தேன்.

பொன்னியின் செல்வன எல்லாருமே சொல்வாங்க. என் கருத்து கொஞ்சம் வேற. ஆடிப்பெருக்கு அன்னிக்கு வீராணம் ஏரிக்கரைல வந்தியத்தேவன் குதிரைல வர்ற அந்த ஆரம்பம் மாதிரி நம்மள உள்ள இழுக்கற ஆரம்பம் தமிழ்ல ரொம்பக் கம்மிதான். ஆனா போகப்போக எத்தன பேரு, எத்தன சதி, அஞ்சு பாகம், 1950லேர்ந்து 1954 வரைக்கும் ஓடின தொடர். முதல் தடவ படிக்கறவங்க சோர்வா இருக்கற நேரத்துல தொட்டா பாதில விட்டுட்டு, இதக் கூட என்னால படிக்க முடியலையேன்னு இன்னும் சோர்ந்து போவாங்க. ஏற்கனவே படிச்சவங்களுக்குன்னா அத விட நல்ல எடம் கெடையாது. புடிச்ச அத்தியாயம் எதுவோ அத மட்டும் எடுத்து படிக்கலாம். கல்கியோட எழுத்தெல்லாம் நாட்டுடைமை ஆயிட்டதால மதுரைத் திட்டம் தளத்துல காசே இல்லாம கெடைக்குது. பொதுவாவே இந்த மாதிரி நேரத்துல புதுசா ஒண்ண தேடறத விட பத்து வருஷம் முன்னாடி படிச்சு சந்தோஷப்பட்டத திரும்ப எடுக்கறது நல்லதுன்னு நான் அடிச்சு சொல்வேன். யாரு யாருன்னு புதுசா மனசுல ஏத்திக்கற வேலை இல்ல பாருங்க, எல்லாரும் தெரிஞ்சவங்கதான்.

இப்ப நான் சொல்லப் போறது தொடர்கதை இல்ல, ஆனா இத சொல்லாம இந்தப் பதிவ முடிக்க மாட்டேன். மலையாள எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீரோட பாத்துமாவின் ஆடு. சின்ன நாவல், தமிழ்ல மொழிபெயர்ப்பு இருக்கு. நிம்மதியா இருக்கலாம்னு பஷீர் தன்னோட ஊர் தலையோலப்பறம்புக்கு வர்றாரு, வந்து பாத்தா வீடு முழுக்க உம்மா, தம்பிங்க, அவங்க பொண்டாட்டிங்க, தங்கச்சிங்க, கொழந்தைங்க, கோழி, பூனை. ஒவ்வொருத்தரா வந்து மத்தவங்களுக்கு தெரியாம இவர்கிட்ட காசு கேப்பாங்க. தங்கச்சி பாத்துமாவோட ஆடு கண்ணுல பட்டதெல்லாம் தின்னுது, கடைசில அவரு எழுதின பால்யகாலசகியையும் சப்தங்களையும் கூட தின்னுடுது. அவரு ஆட்ட அடிச்சாரா, தொரத்தினாரா? இல்லைங்க, நின்னு வேடிக்கை பாக்கறாரு. போர்வை மேல வாய வைக்கும்போதுதான் பதறி ஓடறாரு.

இந்தப் புத்தகத்த அவரு எப்ப எழுதினாரு தெரியுமா? 1954ல, மனநல சிகிச்சைல இருந்தப்ப. முன்னுரைல அவரே அத சொல்றாரு. 1959லதான் புத்தகமா வந்துச்சு. அத படிக்கறப்ப எனக்கு ஒடம்பு சிலிர்த்துப் போச்சு. தன்னோட மனசே தனக்கு எதிரா நிக்கற நேரத்துல ஒரு மனுஷன் இவ்ளோ சத்தமும் இவ்ளோ பாசமும் நெறஞ்ச ஒரு வீட்ட எழுதி வச்சிருக்காரு, ஒரு எடத்துல கூட அய்யோ பாவம் நான்னு சொல்லல. நம்ம நெலமைல இருந்த ஒருத்தரே நமக்காக எழுதி வச்ச மாதிரி தோணிச்சு. எளிமையா இருந்தா ஆழம் இருக்காதுன்னு சொல்றவங்க கைல இத குடுங்க.

கண்ணால படிக்கவே முடியலன்னா காதால கேளுங்க, யூடியூப்ல தமிழ் நாவல் வாசிப்பு ஏகப்பட்டது கெடக்கு. லைட்ட அணைச்சிட்டு படுத்துகிட்டே கேக்கலாம், பாதில தூங்கிப் போனாலும் நல்லதுதான். அம்பது பக்கம் படிச்சும் புடிக்கலன்னா தூக்கிப் போடுங்க, எடுத்தத முடிச்சே ஆகணும்னு ஒரு சட்டமும் இல்ல. பக்கத்துல அரசு நூலகம் இருந்தா ஒரு நடை போய்ட்டு வாங்க, புத்தகத்துக்காக இல்லன்னாலும் வெளில கெளம்பின மாதிரி ஆகும்.

ஒண்ணு மட்டும் தெளிவா சொல்லிடறேன். கதைப் புத்தகம் வைத்தியம் கெடையாது. ரெண்டு வாரத்துக்கு மேல இப்படியே இருந்தா, தூக்கம் சாப்பாடு ரெண்டும் கெட்டுப் போச்சுன்னா டாக்டர பாருங்க, தள்ளிப் போடாதீங்க. செத்துடலாம்னு ஒரு நெனப்பு எட்டிப் பாத்தாலும் அந்த நிமிஷமே அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416க்கு போன் பண்ணுங்க, காசு கெடையாது, ராத்திரி ரெண்டு மணிக்கும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். நானும் டாக்டர்கிட்ட போனேன், மாத்திரை சாப்பிட்டேன். மாத்திரை வேலை செய்ய ஆரம்பிக்க சில வாரம் ஆகும்னு சொன்னாங்க. அந்த வாரங்கள்ல என் சாயந்திரங்கள கடத்தி விட்டது அந்த பைண்டு புத்தகங்கதான்.

உங்களுக்கு அப்படி கை குடுத்த புத்தகம் எதுன்னு கீழ எழுதுங்க, இத படிக்கற யாரோ ஒருத்தருக்கு இன்னிக்கு ராத்திரிக்கே தேவப்படலாம். பேரு மட்டும் போட்டுட்டு போயிடாதீங்க. எத்தன பக்கம், அத்தியாயம் சின்னதா பெருசா, கடைசில யாராவது சாகறாங்களா, இந்த மூணையும் சேத்து எழுதிடுங்க.