கண் வேகமும் ஐக்யூவும்: ஒரு திருத்தம்

கோடுகள் நகரும் ஒரு வீடியோவைப் பகிர்ந்து ஒருவர், "அசைவைக் கண் வேகமாகப் பிடித்தால் ஐக்யூ அதிகம் என்று அமெரிக்காவில் நிரூபித்துவிட்டார்கள், இந்த வீடியோவைக் காட்டிக் குழந்தையைச் சோதியுங்கள்" என்கிறார். அது ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் 2013 ஆய்வு. அதில் வந்த முடிவு இது அல்ல.

திரையில் கருப்பு வெள்ளைக் கோடுகள் ஒரு கணம் நகரும். இடமா வலமா என்று சொல்ல வேண்டும். படம் சிறிதாக இருந்தபோது ஐக்யூ கூடியவர்கள் முந்தினார்கள், சரி. படம் பெரிதானதும் அவர்கள்தான் அதிகம் திணறினார்கள்! பின்னணி அசைவை மூளை ஒதுக்கித் தள்ளுவதே காரணம் என்றார்கள் ஆய்வாளர்கள். சோதித்ததும் முதலில் 12 பேர், அப்புறம் 53 பேர், அவ்வளவுதான்.

அங்கே மில்லிவினாடிக் கணக்கில் அளந்தார்கள். வினாடிக்கு 30 ஃப்ரேம் ஓடும் ஃபோன் வீடியோவில் ஒரு ஃப்ரேமே (ஒரு தனிப்படம்) 33 மில்லிவினாடி; அந்த நுணுக்கம் இதில் வராது. இதை நம்பிப் பிள்ளையை மந்தம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், மனசு பதறுகிறது.