தள்ளுபடி இருக்கட்டும், ஐந்து நிமிடம் கொடுங்கள்

வீசிங் இருப்பவர்களிடம் "மெடிக்கல் ஷாப்ல உங்களுக்கு என்ன வசதி வேணும்?" என்று கேட்டுப் பாருங்கள். மருந்து எப்போதும் ஸ்டாக் இருக்கணும், பத்து பர்சென்ட் குறைக்கணும், வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தால் நல்லது. பதில் பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். "நான் பஃப் இழுக்கிறது சரியான்னு பாருங்க" என்று யாரும் கேட்பதில்லை. சரியாகத்தான் இழுக்கிறோம் என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. மருந்து வீணாவது அங்கேதான்.

அழுத்தி அடிக்கும் இன்ஹேலரும், ரோட்டாகேப் (மருந்துத் தூள் அடைத்த கேப்ஸ்யூல்) போட்டு இழுக்கும் ரோட்டாஹேலரும் நேர் எதிரானவை. முதலாவதைக் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, வாயில் வைத்து உதட்டை இறுக்கி, மெதுவாக உள்ளே இழுக்க ஆரம்பிக்கும்போதே அழுத்தணும். நாலைந்து நொடி நிதானமாக இழுத்து, பத்து நொடி அடக்கணும். ரோட்டாஹேலரிலோ தூளை உள்ளே கொண்டுபோவது நாம் இழுக்கும் வேகம் மட்டும்தான். எடுத்த எடுப்பிலேயே வேகமாக, ஆழமாக இழுக்கணும். டாக்டர் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி எழுதினால் இழுக்கும் விதத்தையும் மாற்றணும் என்று கவுண்ட்டரில் சொல்ல ஆள் கிடையாது. வேகமாக இழுத்தால் ஸ்ப்ரே தொண்டையிலேயே படிந்துவிடும், மெதுவாக இழுத்தால் தூள் கேப்ஸ்யூலிலேயே தங்கிவிடும். ரோட்டாகேப்பைத் தண்ணீர் குடித்து விழுங்குபவர்களும் உண்டு. மற்ற மாத்திரைகளோடு ஒரே கவரில் போட்டு, "காலை 1, இரவு 1" என்று மேலே எழுதிக் கொடுத்தால் வேறென்ன செய்வார்கள்?

அதனால் "எடுக்கத் தெரியுமா?" என்று கேட்பதில் பயனில்லை. "எப்படி எடுப்பீங்க, காட்டுங்க" என்று மருந்தில்லாத டெமோ இன்ஹேலரைக் கையில் கொடுக்கணும். ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் எடுத்து முடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லணும். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும், குரல் கம்மும், "இந்த மருந்து ஒத்துக்கல" என்று நிறுத்திவிடுவார்கள். மொத்தமே ஐந்து நிமிட வேலை. ஆனால் ஒரு முறை காட்டியதோடு முடியாது. பழைய பழக்கம் திரும்ப வரும், அடுத்த மாதம் மருந்து வாங்க வரும்போது மறுபடி பார்க்கணும்.

அந்த ஐந்து நிமிடத்தை எங்கே வைத்துக் கொடுப்பது? வரன் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டுப் பெண், பத்துப் பேர் நிற்கும் கவுண்ட்டரில் இன்ஹேலரை வாயில் வைத்துக் காட்டமாட்டாள். அவள் அப்பாதான் வந்து பேப்பரில் சுற்றி வாங்கிப்போவார். தனி அறையெல்லாம் வேண்டாம். கவுண்ட்டர் ஓரத்தில் ஒரு திரை, ஒரு ஸ்டூல் போதும். மாலை ஏழு மணிக் கூட்டத்தில் முடியாதென்றால் மதியம் வரச் சொல்லலாம். சொல்லிக் கொடுப்பவரும் மாதாமாதம் ஒரே ஆளாக இருக்கணும். சட்டப்படி மருந்து கொடுக்க வேண்டியவர் பதிவு பெற்ற ஃபார்மசிஸ்ட். 1948-ம் ஆண்டு ஃபார்மசி சட்டத்தின் 42-வது பிரிவு சொல்வது அதைத்தான். பல கடைகளில் அவருடைய சான்றிதழ் மட்டும் சுவரில் மாட்டியிருக்கும்.

கடையால் மட்டுமே செய்ய முடிகிற வேலை ஒன்று உண்டு. ஆஸ்தலின் மாதிரி உடனடி நிவாரண இன்ஹேலர் ஒன்றில் 200 பஃப். வருஷத்துக்கு மூன்றோ அதற்கு மேலோ தீர்ந்தால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை, பெரிய அட்டாக் வரும் ஆபத்து கூடுகிறது. மாதம் ஒன்று தீர்கிறதென்றால் அது உயிருக்கே ஆபத்து. டாக்டருக்கு இந்தக் கணக்கு தெரியாது, பில்லிங் சாஃப்ட்வேரில் போன் நம்பரைத் தட்டினால் கடைக்காரருக்குத் தெரியும். ஆஸ்தலினில் இருக்கும் சால்பியூட்டமால் மருந்தை மட்டும் தனியாக நம்பியிருக்கக்கூடாது, ஸ்டீராய்டு இன்ஹேலரும் சேர்ந்திருக்கணும் என்று உலக ஆஸ்துமா வழிகாட்டுதலான ஜினா 2019-லேயே சொல்லிவிட்டது. அப்படியிருக்க நாலாவது ஆஸ்தலினைப் பேசாமல் எடுத்துக் கொடுப்பது சேவையா? மூச்சுக்குழாயை விரிக்கும் டெரிஃபிலின் மாத்திரையோடு ஸ்டீராய்டு மாத்திரையும் சேர்த்து சீட்டில்லாமல் விற்கும் 'செட்' பற்றித் தனியாகவே எழுதணும். போகிற போக்கில் இன்னொன்று: வலி மாத்திரை கொடுக்குமுன் "வீசிங் இருக்கா?" என்று கேளுங்கள். ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் சிலருக்கு மூச்சை அடைத்துவிடும். பிரஷருக்குத் தரும் ப்ரோப்ரனலால் மாத்திரையும், கண் அழுத்தத்துக்கு விடும் டிமோலால் சொட்டும்கூட அப்படித்தான்.

மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே விட முடிகிறது என்று ஊதிப் பார்க்கும் பீக் ஃப்ளோ மீட்டரை மக்களுக்குப் பிடிக்கும். சுகர், பிரஷர் மாதிரி இதிலும் ஒரு நம்பர் கையில் கிடைக்கிறதே. நின்றபடி மூன்று முறை ஊதி, அதிகமானதை எழுதணும். அவரவருடைய சிறந்த அளவில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நிம்மதி, 50-க்குக் கீழே போனால் உடனே ஆஸ்பத்திரி. ஊதும் வாய்க்குழாயை ஆளுக்கு ஒன்று மாற்ற வேண்டும். மிச்சம் பிடிக்கிறேன் என்று அதில் கைவைத்துவிடக் கூடாது.

இதற்கெல்லாம் காசு யார் கொடுப்பது? கேள்வி நியாயமானது. இங்கிலாந்தில் 2011 முதல், ஆஸ்துமா உட்படச் சில நோய்களுக்குப் புதிதாக மருந்து தொடங்குபவரோடு ஃபார்மசிஸ்ட் பேசி, ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி விசாரித்து, பிறகு இன்னொரு முறையும் விசாரிக்கிறார். அதற்கு அரசின் சுகாதாரத் துறை கட்டணம் தருகிறது. இங்கே பேசுவதற்குப் பைசா கிடையாது, விற்றால்தான் லாபம். அதனால் தள்ளுபடியில் போட்டி போடுகிறார்கள். 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு 1,000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. அவற்றில் மாவட்டத்துக்குப் பத்துக் கடையிலாவது ஒரு டெமோ இன்ஹேலர், ஒரு ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டி இழுக்கும் குடுவை), ஒரு பீக் ஃப்ளோ மீட்டர், ஒரு திரை வைத்து, சொல்லிக் கொடுக்கும் ஃபார்மசிஸ்டுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையும் கொடுத்துப் பார்க்கலாம். மார்கழிப் பனிக்கும் போகிப் புகைக்கும் முன்னால், ஐப்பசியிலேயே தொடங்கிவிட வேண்டும்.