மைசூரைப் பிடுங்கியது டல்ஹௌசி அல்ல

படம் அருமை. ஊட்டியில் லவ்டேல் போகிற வழியில் எத்தனையோ முறை பார்த்த சிவப்பு ஃபெர்ன்ஹில் மாளிகைதான். மூடுபனி இறங்கினால் கூரை மட்டும் தெரியும். ஆனால் நீங்கள் படத்துக்குக் கீழே எழுதியிருப்பது சரியில்லை: “ஆண் வாரிசு இல்லாததால் டல்ஹௌசி மைசூரைப் பிடுங்கிக்கொண்டார், ராஜ குடும்பம் ஊட்டி ஃபெர்ன்ஹில்லில் ஒதுங்கியது.”

வெள்ளைக்காரர்கள் மைசூரைப் பிடுங்கியது 1831-இல், பெண்டிங்க் கவர்னர் ஜெனரலாக இருந்த காலத்தில். சொன்ன காரணம் நிர்வாகச் சீர்கேடு. மைசூர் ராஜ்யத்தில் ‘நகர்’ என்ற பகுதியில் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தது நல்ல சாக்காகக் கிடைத்தது. டல்ஹௌசி கவர்னர் ஜெனரலாக வந்ததே 1848-இல்தான். ஆண் வாரிசு இல்லாத சமஸ்தானங்களை எடுத்துக்கொள்ளும் அவருடைய ‘வாரிசு இழப்புக் கொள்கை’யில் போனவை சதாரா, ஜான்சி, நாக்பூர் போன்றவை. மைசூர் அந்தப் பட்டியலிலேயே கிடையாது.

வாரிசுச் சிக்கல் இருந்தது நிஜம்தான். மைசூர் ராஜா மூன்றாம் கிருஷ்ணராஜர் 1865-இல் தன் மகள் வயிற்றுப் பேரனைத் தத்தெடுத்தார். வெள்ளைக்காரர்கள் முதலில் மசியவில்லை, 1867-இல் இறங்கி வந்தார்கள். அந்தப் பையன்தான் சாமராஜேந்திரர். 1881-இல் ஆட்சி அவர் கைக்கே திரும்பி வந்தது. ஃபெர்ன்ஹில் அந்த ராஜ குடும்பத்துக்குக் கோடை மாளிகையாக இருந்தது. நாடிழந்து ஒதுங்கிய இடமல்ல.

அப்புறம், மைசூர் ராஜாக்களுக்குப் பிள்ளை இருக்காது என்று அலமேலம்மா என்ற ராணி இட்டதாகச் சொல்லும் சாபத்தால் ‘400 வருஷமாக எந்த ராஜாவுக்கும் பிள்ளையே இல்லை’ என்று ஒருவர் சேர்த்திருக்கிறார். கேட்கச் சுவையான கதை. ஆனால் சாமராஜேந்திரருக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் நான்காம் கிருஷ்ணராஜருக்குத்தான் பிள்ளை இல்லை. அதனால் 1940-இல் தம்பி மகன் ஜெயசாமராஜர் பட்டமேறினார். அவருக்கும் மகன் பிறந்தார்.