இ.எஸ்.ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு): வேலையில் அடிபட்டால் 78 நாள் கணக்கு கிடையாது

“78 நாள் சந்தா கட்டாதவருக்கு வேலையில் அடிபட்டாலும் இ.எஸ்.ஐ பணம் கிடைக்காது” என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறு.

அந்த 78 நாள் நோய்க்கால உதவித்தொகைக்கான நிபந்தனை. ஆறு மாத சந்தாக் காலத்தில் அத்தனை நாள் கட்டியிருந்தால், காய்ச்சல், மஞ்சள் காமாலை போன்றவற்றுக்குச் சராசரி தினக்கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும்.

வேலையில் நேர்ந்த காயம் வேறு கணக்கு. சேர்ந்த முதல் நாளே விபத்து என்றாலும் உரிமை உண்டு. தினக்கூலியில் 90 சதவீதம், வேலைக்குத் திரும்ப முடியாத காலம் முழுவதும். தினக்கூலி 600 ரூபாய் என்றால் நோய்க்கு 420, காயத்துக்கு 540. விபத்து நாளை விட்டு மூன்று நாளாவது ஓய்வு தேவைப்பட்டிருக்க வேண்டும்.

பணம் நழுவுவது பெரும்பாலும் பதிவில்தான். விபத்தைச் சாதாரண சுகவீன விடுப்பாக எழுதவே விடாதீர்கள். அன்றே மேற்பார்வையாளரிடம் சொல்லி விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் செய்யுங்கள். நிறுவனம் விபத்து அறிக்கை அனுப்பியதா என்று கேளுங்கள். இ.எஸ்.ஐ மருத்துவரிடமும் வேலையில் பட்ட காயம் என்றே சொல்லிச் சான்று வாங்குங்கள். ஊனம் நிரந்தரமானால், மருத்துவக் குழு கணிக்கும் சம்பாதிக்கும் திறன் இழப்புக்கு ஏற்ப மாதாமாதம் தொகை வரும்.