ரப்பர் கிழிந்த பால் ஜாயிண்ட்டைத் திரும்பப் போடாதீர்கள்

அண்ணே, காரின் முன்சக்கரம் திரும்ப உதவும் உருண்டை மூட்டான பால் ஜாயிண்ட்டைக் கழற்றிப் பார்த்துக் கைக்கு ஆடவில்லை என்றால், அதை மூடியிருக்கும் ரப்பர் கிழிந்திருந்தாலும் கிரீஸ் அடைத்துப் போடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது தப்பு, வீட்டில் முதல் தடவை செய்கிறவர்கள் நம்பிவிடுவார்கள். ரப்பர் கிழிந்ததுமே மழைத்தண்ணீரும் மணலும் உள்ளே போய் உருண்டையைத் தேய்க்க ஆரம்பித்துவிடும், பினாங்கு மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், உள்ளே போன அந்த மணலைப் புதுக் கிரீஸ் வெளியே எடுக்காது. ஓட்டத்தில் அது கழன்றால் முன்சக்கரம் மடங்கி, ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்காது. கிழிந்திருந்தால் மாற்றுங்கள், அவ்வளவுதான்.

சக்கரத்தைக் கார் உடம்போடு இணைக்கும் கீழ்க்கையான லோவர் ஆர்ம் வேறு கதை. வளைவு, வெடிப்பு, ஆழமான துரு இல்லை என்றால் தாராளமாகத் திரும்பப் போடலாம், அது காரோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் உருளையான புஷ்ஷை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் கார் ஜாக்கில் தொங்கும்போது புஷ் போல்ட்டை முழுசா இறுக்காதீர்கள். புஷ்ஷின் ரப்பர் அதன் நடுவில் இருக்கும் இரும்புக் குழாயோடு ஒட்டியிருப்பதால், காரை இறக்கியதும் முறுக்கிக்கொண்டே நிற்கும். பட்டர்வொர்த்தில் ஒரு பட்டறையில் எனக்கு அப்படி இறுக்கிக் கொடுத்து, புதுப் புஷ் ஆறே மாதத்தில் கிழிந்தது. சக்கரம் தரையில் ஊன்றி வண்டியின் எடை ஏறிய பிறகுதான் கடைசி இறுக்கு.

உள்ளே நைலோன் வளையம் வைத்த நைலோன் நட்டு, நட்டு கழலாமல் தடுக்கும் கம்பியான ஸ்ப்ளிட் பின் இரண்டும் புதுசாகவே வாங்குங்கள், சில ரிங்கிட்தான். அப்புறம் காரின் எடையைத் தாங்கும் ஸ்பிரிங்கின் கீழ்ச்சுற்றைத் துடைத்துப் பாருங்கள், தண்ணீர் தேங்கித் துருப்பிடித்து உடைவது பெரும்பாலும் அங்கேதான்.